லோகநாயகி வீட்டுச் செவுரு

வாங்க தம்பி, வாங்க. ஃபேனுக்கு அடியில உக்காருங்க. அந்த மூணுகால் ஸ்டேண்ட அப்படி ஓரமா நிறுத்திக்கங்க. லேசர்ல அளக்கற மெசினு இதுதானுங்களா? உள்ளங்கை அகலங்கூட இல்ல. இதுவா இந்த பில்டிங் பூராவும் அளந்து புதுசா படம் போட்டுக் குடுக்கப் போகுது? சரி, குடுக்கட்டுங்க. ஜெனரல் பாடி மீட்டிங்ல "புதுப் படம் போட்டே ஆகோணும்"னு மொதக் கை தூக்கினது நாந்தானுங்க. செக்ரெட்டரிங்கறதுனால மட்டும் சொல்லல. அந்தப் பழைய படத்துனால இந்த அபார்ட்மெண்டுல என்னைய மாதிரி நொந்து போனவ வேற யாரும் கெடையாது.

மோரு குடிங்க. குடிச்சுக்கிட்டே கேளுங்க. எதைத் திருத்தறதுக்கு வந்திருக்கோம்னு உங்களுக்கும் தெரியோணுமல்ல?

இந்தாங்க, இதுதான் அந்தப் படம். விரிச்சா டைனிங் டேபிள் பத்தாது, கட்டில்லதான் விரிக்கோணும். பில்டர் சாவி குடுத்துட்டுப் போகறப்ப ஒரு பென் டிரைவையும் குடுத்துட்டுப் போனாரு. தொறந்து பாத்தா பைனல், பைனல் டூ, பைனல் ரிவைஸ்டு, லேட்டஸ்ட் பைனல்னு வரிசையா நிக்குது. இதுல எதுங்க கடைசின்னு கேட்டா, "எல்லாமே பைனல்தானுங்க மேடம்"ங்கறாரு. கல்யாண வீட்டுல எல்லாரும் நாந்தான் மாப்பிள்ளைன்னு நின்னா எப்படியிருக்கும், அப்படி.

காந்திபுரத்துல ஒரு கடையில குடுத்து பிரிண்ட் போட்டம். பேரு எழுதின எடத்துல எல்லாம் கேள்விக்குறி. பெட்ரூமுக்குள்ள கேள்விக்குறி, பாத்ரூமுக்குள்ள கேள்விக்குறி. கடைக்காரரு, "எழுத்து ஏறலீங்க அம்மா"ன்னாரு. ஏனுங்க, படத்தப் பாத்து நாமதான கேள்வி கேக்கோணும், படம் நம்மளக் கேக்குதேன்னேன். அப்புறம் எதையோ பண்ணி எழுத்த வரவெச்சாரு. எழுத்து வந்ததுக்கப்புறந்தான் வெனையே.

கார் பார்க்கிங்கப் பாருங்க. காரு எவ்வளவு அழகா வரைஞ்சிருக்காங்க! கதவு, கண்ணாடி, உள்ள ஸ்டியரிங் வரைக்கும். இந்தா, மரம். எலை எலையா இருக்குது பாருங்க. மரம் நிக்கற எடம் எது தெரியுமுங்களா? தண்ணித் தொட்டி மேல. நம்ம மொட்டை மாடிக்குப் போற படிக்கட்டு மேல ஏறி அங்கயே நின்னு போகுது, கதவே காணோம். இவ்வளவு கலை நயத்தோட வரைஞ்சவங்க, தண்ணிக் குழாய்க்கு மட்டும் ஒரே ஒரு கோடு. அதுவும் பிரிண்டுல எல்லாம் கருப்பு. தண்ணி எது, சாக்கடை எது, கரண்டு எதுன்னு ஜோசியந்தான் பாக்கோணும்.

சிரிக்காதீங்க தம்பி. நானும் மொதல்ல சிரிச்சவதான்.

எனக்கு நேர் கீழ் வீடு லோகநாயகி. ஸ்கூல்ல கணக்கு டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவ. நாங்க ரெண்டு பேரும் ஒரே சமயத்துல இங்க வீடு வாங்கினவங்க. காலையில மருதமலை ரோட்டுல ஒண்ணா நடப்பம். அவ வேகமா நடப்பா, நான் வேகமா பேசுவேன். அவ வீட்டுல பணியாரம் சுட்டா மொத ஈடு எனக்கு வந்துரும். எனக்குக் கூடப்பொறந்த பொம்பளைப் புள்ளைக இல்லீங்க. அந்தக் கொறை இவளால தீந்துபோச்சுன்னுதான் நெனச்சிருந்தேன்.

போன பங்குனியில ஒரு நாள் வந்து, "துளசி, எங்க ஹால்ல ஈரம் ஊறுதுடி"ன்னா. போய்ப் பாத்தேன். பால்கனிப் பக்கம், மேல மூலையில, ஒரு தோசைக்கல்லு அளவுக்கு செவுரு நனைஞ்சு உப்புப் பூத்துக் கெடக்குது. அவ பொண்ணுக்கு அடுத்த வாரம் அந்த ஹால்லதான் நிச்சயதார்த்தம். பொள்ளாச்சி சம்பந்தம், நல்ல எடம். அதுக்குன்னே பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கறா, வெளுத்த சந்தனக் கலர்ல.

நான் சொன்னேன், "நான் செக்ரெட்டரியா இருக்கறப்ப ஒனக்கு என்னடி கவலை? படம் இருக்குது"ன்னு.

அந்த ஒரு வார்த்தை, தம்பி. அதைச் சொல்லாம இருந்திருக்கலாம்.

பிளம்பர் மருதாசலத்தக் கூட்டியாந்தேன். படத்த லோகநாயகி சோபா மேல விரிச்சோம். பாத்தா, டிவி மாட்டியிருக்கற செவுத்துக்குள்ள மேலிருந்து கீழ வரைக்கும் குழாய் எறங்குதுன்னு தெளிவாப் போட்டிருக்குது. பக்கத்துல எங்க பிளாக்கு பேரு, பி பிளாக்குன்னு எழுதியிருக்குது, ஹால்னு எழுதியிருக்குது. எழுத்து இருந்தா நம்ப மாட்டமுங்களா? மருதாசலம் செவுத்துல காதை வெச்சுக் கேட்டாரு, தட்டிப் பாத்தாரு, "தண்ணி ஓடற சத்தம் கேக்குதுங்க அம்மா"ன்னாரு. எனக்குங்கூடக் கேட்ட மாதிரித்தான் இருந்துச்சு. லோகநாயகி மட்டும் காதை வெச்சுட்டு, "எனக்கு ஒண்ணும் கேக்கலியே"ன்னா. நான், "ஒனக்குக் காது மந்தம்டி"ன்னு சொல்லிட்டேன்.

ஒடைச்சோம். செங்கல்லு.

கொஞ்சம் தள்ளி ஒடைச்சோம். அங்கயும் செங்கல்லு. நல்லா காஞ்சு, சூளையிலிருந்து நேத்து எடுத்த மாதிரி. மருதாசலம் படத்த இப்படித் திருப்பிப் பாக்கறாரு, அப்படித் திருப்பிப் பாக்கறாரு, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாக்கறாரு. "இன்னொரு எடம் மட்டும் பாத்துரலாங்க"ன்னாரு. லோகநாயகி வேண்டாம்னா. நாந்தான், "இவ்வளவு தூரம் வந்தாச்சு, பொறுடி"ன்னேன். மூணாவதா ஒடைச்சதுல கரண்டு பைப்பு மாட்டிக்கிச்சு. அந்த மாடி முழுக்க டிவி நின்னு போச்சு. அன்னைக்கு கிரிக்கெட் மேட்ச் வேற. ஒவ்வொரு வீட்டுக் கதவும் தொறந்து ஒவ்வொரு ஆம்பளையா வெளிய வந்து நின்னதைப் பாத்திருக்கோணும் நீங்க, வீட்டுக்குள்ள தீப்புடிச்சிருந்தாக் கூட அவ்வளவு சுருக்கா வந்திருக்க மாட்டாங்க.

நிச்சயத்துக்குள்ள பூசி முடிச்சரலாம்னு பாத்தா கொத்தனாரு கெடைக்கல. சரின்னு பூ அலங்காரப் பலகை ஒண்ணு வாடகைக்கு எடுத்து, மூணு ஓட்டையும் மறையற மாதிரி நிறுத்துனோம். என்ற யோசனைதானுங்க. பாக்க நல்லாவே இருந்துச்சு. எல்லாரும் அதுக்கு முன்னால நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. மாப்பிள்ளையோட அத்தை ஒருத்தங்க, கொஞ்சம் பாரியான ஒடம்பு. நின்னு நின்னு கால் வலிச்சுதோ என்னமோ, அப்படியே பலகை மேல சாஞ்சாங்க. பலகை சாஞ்சுது. அவிங்களும் சேந்து சாஞ்சாங்க. பெரிய ஓட்டைக்குள்ள பாதி உள்ள, பாதி வெளிய. மாம்பழக் கலர் பட்டுப்பொடவை பூராவும் சிமெண்டுத் தூளு. நாலு பேரு கையப் புடிச்சு இழுத்துத்தான் வெளிய எடுத்தாங்க. "என்ன வீடு கட்டியிருக்கீங்க"ன்னு அந்தம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க.

லோகநாயகி என்னையத் திட்டல. திட்டியிருந்தா பரவால்லீங்க தம்பி. நாலு வார்த்தை கத்தியிருந்தா நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன், அடுத்த நாள் நடக்கப் போயிருப்பம். அவ என்னைய ஒரு பார்வை பாத்தா, அவ்வளவுதான். அன்னையிலிருந்து பேச்சு இல்ல.

கல்யாணப் பத்திரிகை எப்படிக் குடுத்தா தெரியுமுங்களா? வாட்ச்மேன் கையில குடுத்துவிட்டா. வாட்ச்மேன் கையிலங்க! எதிர் வீட்டுக்காரங்களுக்கு, அப்பத்தான் புதுசா குடி வந்தவங்களுக்கு, வெத்தலை பாக்கு வெச்சு, குங்குமம் குடுத்து, புருசனும் பொஞ்சாதியுமா வந்து அழைச்சிருக்கறாங்க. எனக்கு கொரியர் மாதிரி. எங்க வீட்டுக்காரர், "போக வேண்டாம், மானம் ரோசம் இல்லியா"ன்னாரு. நான் போனேன். அந்தப் பொண்ணு எங்கிட்டத் தலை பின்னிக்கிட்டு வளந்தவ, நான் போகாம இருப்பனா? மண்டப வாசல்ல லோகநாயகி பன்னீர் தெளிச்சுட்டு நிக்கறா. எனக்கு முன்னால போன அம்மாவுக்குத் தெளிச்சா. என்ற முறை வந்தப்ப சொம்பு காலியாயிப் போச்சுன்னு உள்ள போயிட்டா. நான் போய் கடைசிப் பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டு வந்தேன். பாயசம் என்ன ருசின்னு கேட்டா இன்னைக்கும் சொல்லத் தெரியாதுங்க.

அப்பத்தான் முடிவு பண்ணுனேன், இந்தப் படத்த விடறதில்லைன்னு. நேரா பில்டர் ஆபீசுக்குப் போனேன். அங்க ஒரு எஞ்சினியர் பொண்ணு, நல்ல பொண்ணு, கம்ப்யூட்டர்ல தொறந்து காட்டிச்சு. விசயம் என்னன்னா, ஏ பிளாக்க மட்டுந்தான் ஒழுங்கா வரைஞ்சிருக்காங்க. பி பிளாக்குக்கு மறுபடி வரையறதுக்கு யாருக்கு நேரம்? ஏ பிளாக்க அப்படியே கண்ணாடியில பாக்கற மாதிரி திருப்பிப் போட்டுட்டாங்க. ஒரே தட்டு, ஒரு பிளாக்கே ரெடி. வலது எடது ஆயிருச்சு, எடது வலது ஆயிருச்சு. எழுத்து மட்டும் திரும்பாம நேராவே இருக்கற மாதிரி அதுல ஒரு வசதி இருக்குதாமுங்க. அதனாலதான் பாக்கறவங்களுக்கு ஒரு சந்தேகமும் வரல.

ஆமாங்க, நீங்க கேக்கறது நாயந்தான். திருப்பிப் போட்டா என்ன, அதே மாதிரி திருப்பிக் கட்டியிருந்தாப் படம் சரியாத்தான இருக்கும்? இதையேதான் நானும் அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டேன். "அதை நீங்கதானுங்க மேடம் சொல்லோணும்"னுச்சு.

திருப்பிக் கட்டலீங்க. அது வேற கதை. வீடு புக் பண்ணுனப்ப பாத்தோம், ஏ பிளாக்குல அடுப்பு அக்னி மூலையில வருது. எங்களுக்குக் கன்னி மூலையில வருது. கன்னி மூலையில அடுப்பு வெச்சா குடும்பம் வெளங்குமுங்களா? நான் விடுவனா? பி பிளாக்குல வாங்கின அத்தனை பேரையும் வேன்ல ஏத்தி பில்டர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். லோகநாயகிக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கெடையாது, "எங்க வெச்சாலும் சோறு வேகும்டி"ன்னா. நான் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன். அடுப்பு எடம் மாறாம ஒருத்தரும் கெரயம் பண்ண மாட்டோம்னு நடு ஆபீசுல உக்காந்துட்டோம். பில்டர் எறங்கி வந்தாரு. பி பிளாக்கையும் ஏ பிளாக் மாதிரியே கட்டிக் குடுத்தரேன்னாரு, கட்டியும் குடுத்துட்டாரு. இன்னைக்கு இந்த பிளாக்குல இருக்கறவங்க நிம்மதியாச் சமைக்கறாங்கன்னா அதுக்கு யாரு காரணம்?

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? நாங்க வீட்டத்தான மாத்தச் சொன்னோம், படத்தையா மாத்த வேண்டாம்னோம்? மாத்த வேண்டியது அவிங்க பொறுப்பு.

சரி, எந்திரிங்க. அளக்க ஆரம்பிங்க. ஹால், இந்த ரூமு, சமையலறை. அடடே, செவுத்துல ஒரு செவப்புப் பொட்டு வெக்குது, ஒடனே அளவு வந்துருதே! டேப்பு புடிக்கறதுக்கு ஆளே வேண்டாமாட்டிருக்குது.

அந்த ஈரமுங்களா? அது ஒரு மாயமுங்க தம்பி. நானும் எங்க வீட்டுக்காரரும் பெங்களூர்ல மக வீட்டுக்குப் போயி ஒரு மாசம் இருந்தோம். அப்ப செவுரு அதுவாக் காஞ்சு போச்சாம், வாட்ச்மேன் சொன்னாரு. நான் திரும்பி வந்த வாரமே மறுபடி ஊறுதாம். என்னைக் கண்டா லோகநாயகிக்குத்தான் ஆகாதுன்னு பாத்தா, அவ வீட்டுச் செவுத்துக்கும் ஆகாதாட்ட இருக்குது.

அங்க எங்கீங்க போறீங்க? அது பால்கனிதான். அங்க அளக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. ஆமா, கண்ணாடி போட்டு அடைச்சிருக்குது. தூசி வருதல்ல? ரூமெல்லாம் இல்லீங்க, ரூமு மாதிரி. வாஷிங் மெசினு அங்க இருக்குது, அவ்வளவுதான். தண்ணி எங்கிருந்து வருதா? சமையலறையிலிருந்து இழுத்திருக்குதுங்க. மருதாசலந்தான் போட்டுக் குடுத்தாரு, டைல்ஸுக்கு அடியில, வெளிய தெரியாம, ரொம்ப நேர்த்தியா. அழுக்குத் தண்ணியும் அதே வழியாத்தான் போகுது. எங்க போகும், கீழதான் போகும்.

பழைய படத்துல இருக்குதான்னா எப்படி இருக்கும்? படம் பில்டர் போட்டது, குழாய் நான் போட்டது.

அதைப் புதுப் படத்துலயும் போட வேண்டாங்க தம்பி. பால்கனிய பால்கனியாவே காட்டிருங்க. செக்ரெட்டரி வீட்டுலயே பால்கனிய அடைச்சிருக்குதுன்னு படத்துல வந்தா, நாளைக்கு நான் யாரப் பாத்துக் கேக்க முடியும்? மூணாவது மாடிக்காரர் ஷூ ரேக்க வராண்டாவுல வெச்சதுக்கே நான் நோட்டீஸ் ஒட்டுனவ. படம் மறுபடி தப்பாயிருமா? ஒரே ஒரு குழாய்தானுங்களே. ஊருப்பட்ட கோட்டுல ஒரு கோடு இல்லாட்டி என்ன?

என்னங்க, அந்த மெசினையும் தரையையும் மாத்தி மாத்திப் பாக்கறீங்க. கீழ என்ன இருக்குதா? கீழ லோகநாயகி ஹாலு. பால்கனிப் பக்க மூலை.

சும்மா இருங்க தம்பி. சின்ன வயசு, எல்லாத்தையும் முடிச்சுப் போடாதீங்க.

அடுத்து எங்க போறீங்க? அவ வீட்டுக்குத்தானுங்களே. போய்த்தான் ஆகோணும். எனக்கு ஒரே ஒரு ஒத்தாசை பண்ணுங்க. அவ வீட்டுல மட்டும் லேசர் வேண்டாம். உங்க பையில டேப்பு இருக்குதல்ல? டேப்பு வெச்சு அளங்க. ஒரு முனைய புடிக்கறதுக்கு ஆள் வேணும்னு சொல்லுங்க. நான் புடிக்கறேன். ஒண்ணும் பேச மாட்டேன், சத்தியமா, முனைய மட்டும் புடிச்சுட்டு நிப்பேன். அப்புறம் போகப்போக, நீங்க படிச்சவரு, நீங்க சொன்னாக் கேப்பா, "பழைய படந்தானுங்க தப்பு, இந்தம்மா மேல ஒரு தப்பும் இல்லை"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த வாசப்படிய நான் மிதிச்சு எவ்வளவு நாளாச்சுன்னு உங்களுக்குத் தெரியாது தம்பி. காலையில தனியா நடக்கறப்ப பேச்சு வாய் வரைக்கும் வந்துருது, பக்கத்துல பாத்தா ஆள் இல்ல. அழுகை வந்துருதுங்க. நான் அழுவேன்னு இந்த அபார்ட்மெண்டுல ஒருத்தருக்கும் தெரியாது.

லிஃப்ட் வேண்டாம், படியிலயே எறங்கலாம். பெல்ல நீங்க அடிங்க. நான் உங்களுக்குப் பின்னால நின்னுக்கறேன்.

வர்றா.

உள்ள வாங்கன்னு உங்களைத்தான் கூப்பிட்டா. கூடவே நானும் நொழைஞ்சுட்டேன், விரட்டல. டேப்ப எடுங்க, சீக்கிரம். இந்தா, புடிச்சாச்சு. அந்த மூலைக்குப் போங்க, ஈரம் இருக்கற மூலைக்கு. பாருங்க, செவுத்த எவ்வளவு நல்லாப் பூசிட்டா, ஓட்டை இருந்த எடமே தெரியல.

தம்பி. தம்பி, இங்க வாங்க, மெதுவா. கேட்டீங்களா அவ சொன்னதை? "மேல் வீட்டு வாஷிங் மெசின் குழாயையும் படத்துல போட்டாச்சான்னு அந்தம்மாவக் கேளுங்க"ன்னா. அந்தம்மாவாம்! நாந்தான் அந்தம்மா. உங்களப் பாத்துத்தான் சொன்னா, ஆனா எனக்குச் சொன்னா. அப்ப அவளுக்குத் தெரியுமா? இவ்வளவு நாளும் தெரியுமா? கணக்கு டீச்சரல்ல, நான் துணி தொவைக்கற நாளையும் செவுரு நனையற நாளையும் வெச்சு எப்பவோ கூட்டிப் பாத்திருப்பா. பாத்துட்டு, நானா வந்து சொல்லட்டும்னு இருந்திருக்கறா, பாவி.

சிரிக்கறா பாருங்க. அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டுச் சிரிக்கறா.

நோட்ட எடுங்க தம்பி. அந்தக் குழாயப் போடுங்க. பால்கனி ரூமையும் போடுங்க, கண்ணாடியோட போடுங்க. நோட்டீஸ் வந்தா வரட்டும், நாந்தான ஒட்டோணும், நானே ஒட்டிக்கறேன். ஏனுங்க என்னையவே பாத்துட்டு நிக்கறீங்க? அவ மனசு மாறறதுக்குள்ள போடுங்க.